நீர் கூறும் செய்தி
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விழா மேடையில் நோயைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். சிறுநீர் என்னும் சொல்லையே அவையில் கூறக் கூசுகிறோம். அக்கூச்சம் சிலர் உயிருக்கே ஊறு செய்கிறது. ஆதலின் அதனையே பேசத் துணிந்தோம்.

நம் சித்த மருத்துவர் நீரைக் கொண்டு நோயறிய முயன்றனர். நிறம், மணம், நுரை முதலியவற்றை நோக்குவது நீர்க்குறி. நீரில் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு, அது பாம்பென நீள்கிறதா, மோதிரமென வளைகிறதா, முத்தென நிற்கிறதா என்று காண்பது நெய்க்குறி. முறைகள் மாறின, நீரில் செய்தி உண்டு என்னும் எண்ணம் மாறவில்லை.

சிறுநீர்ப்பையின் உட்சுவரினின்று உயிரணுக்கள் உதிர்ந்து நீரோடு வெளியேறுகின்றன. அங்கே புற்று தோன்றின் அதன் அணுக்களும் உதிரும். இவற்றுக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் கண்டறியும் முறையை 1945-இல் அமெரிக்காவில் பாப்பனிக்கோலாவும் மார்ஷலும் வெளியிட்டனர். இதற்கு ஊசியும் வேண்டா, கத்தியும் வேண்டா. இரவெல்லாம் தங்கிய நீரில் அணுக்கள் சிதைந்திருக்குமாதலின், விடியலில் கழியும் முதல் நீரை விடுத்து அடுத்ததைக் கொடுப்பது நன்று.

இம்முறைக்குக் குறையும் உண்டு. கொடிய வகைப் புற்றை இது நன்கு காட்டும்; மெல்ல வளரும் வகையின் அணுக்களோ இயல்பான அணுக்களை ஒத்திருத்தலின் பலகால் தப்பிவிடும். பின்னர், அணுவினுள் 3, 7, 17 ஆம் குரோமோசோம்கள் மிகுந்துள்ளனவா, 9 ஆம் குரோமோசோமில் ஒரு பகுதி இழக்கப்பட்டதா என ஒளிரும் சாயத்தால் காணும் சோதனைக்கு 2001-இல் அமெரிக்க அரசு இசைவளித்தது. எனினும், மெல்லிய கருவியைச் செலுத்திப் பையினுள் நேரில் காண்பதற்கு இவை இன்னும் ஈடாகவில்லை, துணையாகவே நிற்கின்றன. இப்புற்று அகற்றிய பின்னும் பலருக்கு மீண்டும் தோன்றுவது. ஆகவே ஆண்டுக்கணக்கில் கருவிச் சோதனைக்கு உட்படுவோரின் துன்பத்தைக் குறைக்கவே ஆய்வாளர் இன்றும் முயல்கின்றனர்.

இந்நோய்க்கு முதற்காரணம் புகைபிடித்தல். சாயத் தொழிலாளரிடம் இது மிகுதல் 1895-இலேயே ஜெர்மானிய மருத்துவர் ரேன் கண்டதாகும்.

இனி, நாம் சொல்ல வந்த செய்தி. இந்நோயின் முதல் அடையாளம் பெரும்பாலும் வலியின்றி நீரில் குருதி தோன்றுவதே. அது ஒருநாள் தோன்றித் தானே நின்றுவிடும். ‘உடற்சூடு’ என்று இளநீர் பருகுகிறோம். மறுநாள் நீர் தெளிந்ததும் இளநீரை மெச்சுகிறோம். பெண்டிரோ நீர்க்கடுப்பு என்றே மாத்திரை உண்டு நாள் கடத்துகின்றனர். குருதி கண்டவை யாவும் புற்றல்ல. கல்லாகவும் இருக்கலாம், கிருமியாகவும் இருக்கலாம். எதுவென்று மருத்துவர் கூறட்டும். நாமே தீர்ப்பெழுத வேண்டா. வலி இல்லாமை நலத்துக்குச் சான்றாகாது.

ஊரிலுள்ள தந்தையாரோடு தொலைபேசியில் உரையாடும் அன்பர்களே! மழையையும் வயலையும் கேட்பதுபோல் இதனையும் ஒருமுறை கேளுங்கள். அவர்கள் தாமாகச் சொல்லமாட்டார்கள். நாம் கேட்டால் சொல்லக்கூடும். காலத்தே கண்ட நோய் பெரும்பாலும் மருத்துவத்துக்குக் கட்டுப்படும். நாணம் நல்ல அணிதான். மருத்துவர் முன்னிலையில் மட்டும் அதனைக் கழற்றி வைப்போம்.