ஒரே தட்டு

 

ஒக்டோபர் 6 ஆசிரியர் தினம். கல்முனைக் கரையோரப் பாடசாலைகளில் அன்று உம்மாமாரின் கைப்பக்குவம் ஆசிரியர் அறைக்கு வந்து சேரும். கேக் அடுப்பு இல்லாத காலத்தில் சட்டிக்குக் கீழும் மேலும் தணலிட்டு றவ்வை கேக் சுட்டார்கள். சம்பளத்தால் தீராத கடனுக்கு அது நம் வீட்டு நன்றி.

ஆனால் 2022இல் எரிவாயுவுக்கு வரிசையில் நின்றோம். கோதுமை மாவும் முட்டையும் எட்டாத விலைக்குப் போயின. அதற்காக மருதமுனை நெசவாளி வீட்டில் நன்றி குறைந்துவிட்டதா? பெரிய ஐசிங் கேக்குக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையின் சின்னப் பொட்டலம் கூசி ஒதுங்கக் கூடாது.

ஆகவே, பழைய மாணவிகளாகிய நாம் தாய்மாரிடம் கேட்பது இரண்டுதான். வகுப்புக்கு ஒரே தட்டாக, பெயர் எழுதாமல் கொடுங்கள். ஒருவர் மா தரட்டும், ஒருவர் சீனி தரட்டும், ஒன்றும் இயலாதவர் முட்டை அடிக்கக் கைகொடுக்கட்டும். அடுத்தது, அந்தத் தட்டு ஆசிரியர் அறையோடு நின்றுவிடாமல், வகுப்பறை கூட்டும் தாய்க்கும் காவலாளிக்கும் போகட்டும். தினமும் நமக்குக் கேற் திறந்துவிட்டவர் அவர்தானே.