வாடும் முன் காப்போம்
(முன்னாள் மாணவர் சங்கமத்தில் ஆற்றிய உரை)



"எதைப் பற்றிப் பேசப் போறீங்க?" என்று சங்கச் செயலாளர் கேட்டார். "தக்காளி வாடல் நோய்" என்றேன். "நீங்க இன்ஜினியர்தானே?" என்று சிரித்தார். இன்ஜினியர்தான்; ஆனால் ஊர் தொப்பம்பட்டி. எங்கள் பக்கத்துத் தக்காளி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போய், அங்கிருந்து லாரியேறிக் கேரளா போகிறது. இந்த அரங்கில் இருக்கும் பலருக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியதே ஏதோ ஒரு தோட்டத்து வருமானம்தான். எனவே இது நம் எல்லோருக்கும் பொதுவான விஷயம்.

முதலில் நோயைப் பார்ப்போம். பியூசேரியம் என்ற பூஞ்சை மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். தக்காளி வேர் கிடைத்ததும் உள்ளே புகுந்து, நீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடும். அடியிலைகள் மஞ்சளாகும்; சில நேரம் ஒரு பக்கம் மட்டும் வாடும். தண்டை நீளவாக்கில் கீறினால் உள்ளே பழுப்புக் கோடு தெரியும். மண்ணில் ஈரம் இருக்கும், ஆனால் செடி தாகத்தில் சாகும். பைப் அடைத்த பிறகு தொட்டியில் தண்ணீர் இருந்து என்ன பயன்?

இதே போல வாடவைக்கும் பாக்டீரியா நோயும் உண்டு. அதில் செடி பச்சையாக இருக்கும்போதே திடீரென்று தொய்ந்துவிடும். வெட்டிய தண்டைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நிறுத்திப் பாருங்கள். பால் போல இழை இறங்கினால் அது பாக்டீரியா. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. பாக்டீரியா வாடலுக்கு எதிர்ப்புள்ள ரகத்தைத் தேடவேண்டும். பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் அப்படிப்பட்ட ஒன்று. காசு செலவழித்து மருந்து வாங்கும் முன் இந்த டம்ளர் சோதனைக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கலாம் அல்லவா?

நம் விவசாயி பணத்தை இழப்பது எங்கே தெரியுமா? செடி வாடிய பிறகு கடைக்கு ஓடுவதில்தான். வாடிய செடியை எழுப்பும் மருந்து எதுவும் இல்லை. வாடல் நோயில் செய்வதையெல்லாம் முன்கூட்டியே செய்யவேண்டும்.

அந்த முன்காவலுக்கு உதவுவதும் ஒரு பூஞ்சைதான். அதன் பெயர் டிரைக்கோடெர்மா. இது கெட்ட பூஞ்சையைச் சுற்றி வளைத்து, அதன் சுவரைக் கரைத்துத் தின்னும். வீண்ட்லிங் என்ற விஞ்ஞானி 1932-லேயே இதை எழுதியிருக்கிறார். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் டிரைக்கோடெர்மா விரிடியை டால்க் பவுடரில் கலந்து விவசாயிக்குக் கொடுத்தது.

ஆனால் இந்தப் பூஞ்சை செய்யும் பெரிய வேலை வேறு. அது வேரோடு ஒட்டி வாழ்ந்து, செடியின் சொந்தப் பாதுகாப்பைத் தட்டி எழுப்புகிறது. அந்தச் செய்தியை உடம்பெல்லாம் கொண்டுபோவது செடியின் ஹார்மோன்கள். ஒன்று சாலிசிலிக் அமிலம். நம் ஆஸ்பிரின் மாத்திரையின் உறவுக்காரன். புகையிலைச் செடிக்கு ஆஸ்பிரின் கொடுத்தால் தேமல் வைரஸை எதிர்க்கிறது என்று 1979-இல் இங்கிலாந்தில் ஒயிட் என்பவர் காட்டினார். இன்னொன்று ஜாஸ்மோனிக் அமிலம். நிலக்கோட்டைப் பூச்சந்தையில் மணக்கிறதே ஜாதிமல்லி, அதன் எண்ணெயிலிருந்துதான் 1962-இல் இந்தக் குடும்பத்துப் பொருள் ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள்.

தம்பிகளே, மோட்டாருக்கு ஓவர்லோட் ரிலே வைக்கிறோம். செட்டிங் அதிகமானால் காயில் எரியும். குறைந்தால் சும்மா சும்மா டிரிப் ஆகி, தண்ணீரே இறைக்காது. செடியும் அப்படித்தான். எதிர்ப்பை அளவுக்கு மீறித் தூண்டினால் சத்தெல்லாம் சண்டைக்கே போய், வளர்ச்சியும் காய்ப்பும் குறையும். அதனால் யாரோ சொன்னார்கள் என்று ஆஸ்பிரினைக் கரைத்துத் தோட்டத்தில் ஊற்றிவிடாதீர்கள். பூஞ்சையை வேரில் குடியேற்றினால் போதும்; வேண்டிய அளவுக்குச் செடியே பார்த்துக்கொள்ளும்.

செய்முறை எளிது. விதை கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா கலந்து விதைக்கலாம். நிலத்துக்கு, ஏக்கருக்கு ஒரு கிலோவை 20 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து, தண்ணீர் தெளித்து, நிழலில் 15 நாள் மூடி வைத்துப் பிறகு இடவேண்டும். அந்த 15 நாளில் பூஞ்சை பெருகும். அதோடு பூஞ்சைக்கொல்லி ரசாயனத்தைக் கலக்காதீர்கள். காவலுக்கு வைத்தவனை நாமே கொன்றதாகிவிடும். காளான் கொட்டகைப் பக்கமும் கொண்டுபோகாதீர்கள், அதையும் தின்றுவிடும்.

இது நோயைக் குறைக்கும், அடியோடு ஒழிக்காது. பயிர்ச் சுழற்சி வேண்டும், வடிகால் வேண்டும், வேர்முடிச்சு நூற்புழுவையும் கவனிக்கவேண்டும். புழு துளைத்த வேரில் பூஞ்சை சுலபமாக நுழைந்துவிடும்.

இப்போது நம் வேலைக்கு வருகிறேன். இந்தப் பாக்கெட்டில் இருப்பது உயிர். ஒரு கிராமில் குறைந்தது 20 லட்சம் உயிர்வித்துகள் இருக்கவேண்டும் என்பது விதி. தகரக் கூரைக் கடையில் சித்திரை வெயிலில் கிடந்தால் எத்தனை மிஞ்சும்? செத்த பவுடரைப் போட்டுவிட்டு, "இயற்கை மருந்து வேலை செய்யாது" என்று விவசாயி வெறுத்துவிடுகிறார். குற்றம் பூஞ்சைமேல் இல்லை. சேமிப்பில், போக்குவரத்தில், சோதனையில் இருக்கிறது. இவையெல்லாம் இன்ஜினியரின் வேலைகள்தானே? கிராமத்துக் கடைக்கு ஏற்ற மலிவான குளிர்பெட்டி, பாக்கெட்டில் உயிர் இருக்கிறதா என்று விவசாயியே பார்க்கும் எளிய சோதனை: இறுதியாண்டு மாணவர்கள் இவற்றில் ஒன்றைப் புராஜெக்டாக எடுத்துச் செய்யலாம். காந்திகிராமத்தில் இருக்கும் வேளாண் அறிவியல் மையத்தை நேரில் போய்ப் பார்த்தால் உங்களுக்குப் பல சந்தேகங்கள் தீரும்.

அண்ணன்மார்களே, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பாவிடமோ சித்தப்பாவிடமோ இரண்டே கேள்வி கேளுங்கள்: "நாத்து நடுறதுக்கு முன்னாடி டிரைக்கோடெர்மா போட்டீங்களா? பாக்கெட்டுல தேதி பாத்தீங்களா?" தக்காளி விலை நம் கையில் இல்லை. ஆனால் விலை வரும் நாளில் செடி உயிரோடு நிற்பது, ஓரளவுக்காவது நம் கையில் இருக்கிறது.