லீலியும் முல்லையும்



கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்திலே செவ்வாய்க்கிழமைகளில் கத்தோலிக்கரோடு சைவரும் பௌத்தரும் மலரும் மெழுகுதிரியும் ஏந்தி நிற்பதைக் காணலாம். முகத்துவாரத்தில் வாழும் எனக்கு இது பழகிய காட்சி. அந்தோனியாரின் படங்களை உற்றுப் பாருங்கள். கையிலே வெண்மலர்க் கொத்தொன்று இருக்கும். அதுவே லீலி. அது வெறும் அலங்காரமா?

அன்று. மேலைநாட்டு ஓவிய மரபில் லீலி தூய்மையின் குறியீடு. கபிரியேல் தூதர் மரியாளுக்கு மங்கள வார்த்தை சொல்லும் காட்சியை லியனார்டோ டாவின்சி தீட்டியபோது, தூதரின் கையில் லீலியை வைத்தார். அவருக்கு முன்பே, 1333இல், சிமோனே மார்த்தினி அதே காட்சியைத் தீட்டினார். அதில் தூதர் கையில் இருப்பது ஒலிவக்கிளை. லீலியோ இருவருக்கும் நடுவே பூச்சாடியில் நிற்கிறது. சமாதானமும் தூய்மையும் ஒரே படத்தில் இரு செடிகளாகப் பேசுகின்றன.

நம் வீட்டு வேலியிலும் இத்தகைய மலர் உண்டு. கொடித்தோடைப் பூவைப் பாருங்கள். தென்னமெரிக்கா சென்ற ஸ்பானியக் குருமார் அதில் கிறிஸ்துவின் பாடுகளைக் கண்டனர். நார் போன்ற வளையம் முள்முடி. ஐந்து மகரந்தக் கேசரங்கள் ஐந்து காயங்கள். மூன்று சூல்முடிகள் மூன்று ஆணிகள். சுருளும் பற்றுக்கொடிகள் சாட்டைகள்.

பூவைக் கொண்டு பொருளுணர்த்துவது தமிழருக்குப் புதிதன்று. நிலத்தையும் ஒழுக்கத்தையும் மலரின் பெயரால் வழங்கியவர் நம் முன்னோர். கற்போடு காத்திருத்தலை முல்லை என்றனர். லீலியைக் கண்டிராத தமிழனுக்கும் அதன் உட்பொருள் விளங்குவதற்கு இம்மரபே துணை.

இதனை நன்குணர்ந்தவர் இத்தாலியரான வீரமாமுனிவர். 3615 பாடல்கள் கொண்ட அவரது காப்பியத்தின் தலைவர், பூத்த கோலுடன் ஓவியங்களில் காட்சிதரும் சூசையப்பர். முனிவர் அவருக்கு 'வளன்' என்று பெயரிட்டார். யூதேயாவைத் தமிழ் மருதநிலமாகப் பாடினார். நூலுக்கிட்ட பெயரோ தேம்பாவணி, அதாவது வாடாத மாலை. திருக்காவலூர் அன்னைக்கு அவர் பாடியது கலம்பகம். பல பூக்கள் கலந்த மாலையின் பெயரால் அமைந்த சிற்றிலக்கியம் அது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை ஆலயத்தில் குண்டு வெடித்துப் பல உயிர்கள் மாண்டன. அத்துயரில் மலரேந்தி வந்தவர்கள் ஒரு சமயத்தவர் மட்டுமல்லர். அயலவன் கையிலுள்ள பூவின் பொருளை அறிந்துகொள்வது இலக்கிய இன்பத்துக்கு மட்டுமன்று, சேர்ந்து வாழ்வதற்கும் வேண்டிய கல்வி என்றே நான் கருதுகிறேன்.