இரவுணவு மேசையும் நிறங்களும்

விருந்தினர் வரும் நாளில் வீடு தானாகவே புதுக்கோலம் பூணுகிறது. பெட்டியில் மடித்து வைத்த விரிப்பு வெளியே வருகிறது. அலமாரியில் இருந்த நல்ல பீங்கான்கள் துடைக்கப்படுகின்றன. விருந்தினர் விடைபெற்றதும் அவை யாவும் பழைய இடத்துக்கே மீள்கின்றன. மறுநாள் இரவு அதே வீட்டார் ஆளுக்கொரு நேரத்தில், ஆளுக்கொரு மூலையில் உண்டு எழுகின்றனர். ஆண்டில் நாலைந்து நாள் வருவோர்க்குக் காட்டும் மதிப்பு, ஆண்டு முழுவதும் அவ்வீட்டிலே வாழ்வோர்க்கு வேண்டாமா? சாதாரண நாளின் இராப்போசன மேசையை அழகுபட ஒழுங்கு செய்வதைப் பற்றிய சிந்தனை இவ்வினாவிலிருந்தே பிறக்கிறது.

மேசையில் உண்ணுதல் இலங்கைத் தமிழரிடையே மிகப் பழைய வழக்கமன்று. மேசை, கதிரை, அலமாரி, கோப்பை என்னும் சொற்களே போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தவை. 1505 ஆம் ஆண்டில் இத்தீவை அடைந்து, 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், 1658 இல் ஒல்லாந்தரிடம் அதனை இழந்தனர். அவர்கள் போயினர், அவர்தம் சொற்கள் மாத்திரம் வீட்டுக்குள் தங்கிவிட்டன. அதற்கு முன்னர் பாயிலோ பலகையிலோ அமர்ந்து வாழையிலையில் உண்டோர்க்கு நிறத்தைப் பற்றி எண்ணவேண்டிய தேவை இருக்கவில்லை. பச்சை இலை ஒன்றே சோற்றின் வெண்மையையும், பருப்பின் மஞ்சளையும், துவையலின் சிவப்பையும் எடுத்துக்காட்டிற்று. தரையிலிருந்து மேசைக்கு ஏறியபொழுது அந்த இலை பெரும்பாலும் கீழேயே நின்றுவிட்டது. இழந்த பசுமையை ஈடுசெய்வதே இன்றைய இல்லத்தரசியின் வேலை.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. நிறங்களுள் மிக மலிவானது உணவின் இயற்கை நிறமே. ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். வெள்ளை மாவில் பிழிந்த இடியப்பம், வெளிறிய சொதி, உருளைக்கிழங்குப் பால்கறி ஆகிய மூன்றையும் வெள்ளைப் பீங்கானில் வைத்தால், சுவை எத்துணை நன்றாயினும், நோயாளியின் உணவென்றே கண்ணுக்குத் தோன்றும். அதே இடியப்பத்தைச் சிவப்பரிசி மாவில் பிழியலாம். சொதியில் சிறிது மஞ்சளும் தக்காளித் துண்டுகளும் சேர்க்கலாம். பால்கறிக்குப் பதிலாகச் செத்தல்மிளகாய் இட்டு இடித்த சம்பலையும், வல்லாரைச் சம்பலையும் அருகருகே வைக்கலாம். உழைப்பு ஏறக்குறைய அதுவே, மேசையோ வேறொன்றாகிவிடும்.

கண்ணுக்கு இனிய இம்மாற்றம் உடலுக்கும் நன்மை தருவது. சிவப்பரிசியின் நிறம் அதன் தவிட்டில் உள்ளது. தீட்டி வெண்மையாக்கும்போது நிறத்தோடு உயிர்ச்சத்து பி வகையின் பெரும்பகுதியும் போய்விடுகிறது. கரட்டுக்கும் பூசணிக்கும் செம்மஞ்சள் நிறம் தரும் கரோட்டீன், உடலில் கண்பார்வைக்கு வேண்டிய ஏ உயிர்ச்சத்தாக மாறுகிறது. கொழுப்போடு சேரும்போதே அது நன்கு உட்கொள்ளப்படுமாதலின், பூசணிக்காயைத் தேங்காய்ப்பாலில் சமைப்பது பொருத்தமான முறையாகும். ஆகவே, ஒரே வேளையில் பல நிறக் கறிகளை உண்ணும் பிள்ளை, அறியாமலே பல சத்துக்களைப் பெறுகிறது.

சமைக்கும்போது நிறம் கெடாமற் காப்பதற்கும் சில முறைகள் உள. கீரையை மூடாத சட்டியில் சிறிது நேரமே வேகவிடல் வேண்டும். புளிப்பு, கீரையின் பசுமையை மங்கச் செய்யும். ஆதலின், தேசிக்காய்ப் புளியை அடுப்பிலிருந்து இறக்கிய பின்னர், உண்ணும் வேளையிற் சேர்த்தல் நன்று. பீற்றூட் கிழங்கைத் தோலோடு அவித்துப் பின் உரித்தால் அதன் செம்மை நீரிற் கரைந்தோடாது. அதனை வேறு கறியோடு சேர்த்து வைத்தால் யாவும் ஒரே நிறமாகிவிடும். தனிக் கிண்ணமே அதற்கு உரியது.

இனி விரிப்பைப் பற்றிச் சில சொற்கள். தூய வெள்ளை விரிப்பு விருந்துக்கு ஏற்றது. சிறுவர் உள்ள வீட்டின் அன்றாட மேசைக்கு ஏற்றதன்று. மருதமுனை முதலிய ஊர்களில் நெய்யப்படும் கைத்தறித் துணியில், கரும்பச்சையோ நீலமோ கோடிட்டது ஒன்று பல ஆண்டுகள் உழைக்கும். மஞ்சட் கறை பட்டுவிட்டால் அஞ்சவேண்டியதில்லை. சவர்க்காரம் பட்டதும் அது சிவந்து தோன்றும்; நன்றாகக் கழுவி வெயிலில் உலர்த்த மெல்ல மெல்ல மங்கிவிடும். சாயமிட்ட பனையோலைப் பெட்டிகள் பிட்டுக்கும் பழங்களுக்கும் அழகிய கலங்கள். சூடான ஈர உணவில் சாயம் கசியக்கூடுமாதலால், உள்ளே ஒரு வாழையிலைத் துண்டை இடுதல் அவசியம். பூ வைக்க விரும்புவோர் முற்றத்துச் செவ்வரத்தையில் இரண்டைத் தாழ்ந்த கிண்ணத்தில் வைப்பாராக. மல்லிகையின் மணம் கறியின் மணத்தோடு போட்டியிடும். உயர்ந்த பூச்சாடி எதிரே இருப்பவரின் முகத்தை மறைக்கும்.

அந்த முகங்களே மேசையின் தலையாய அழகு. பல வீடுகளில் பரிமாறும் தாய், எல்லோரும் எழுந்த பின்னர், ஆறிய சோற்றையும் சட்டியில் எஞ்சியதையும் உண்கிறாள். மீன் முடிந்திருக்கும், கீரையில் ஒரு பிடி இருந்தால் அது அவள் பேறு. மகப்பேற்றுப் பருவத்துப் பெண்ணுக்கு ஆணைவிட இரும்புச்சத்து மிகுதியாக வேண்டும் என்பது மருத்துவர் கூற்று. அதனை மிகுதியாகப் பெறவேண்டியவளே குறைவாகப் பெறுகிறாள்! கீரையோடு சேர்ந்த தேசிக்காய்ப் புளி இரும்புச்சத்து உடலிற் சேர உதவும். உண்டவுடன் அருந்தும் தேநீர் அதற்குத் தடையாகும். இவை அவளுக்குச் சொல்லப்பட வேண்டியவை. அவள் உரிய வேளையில் அமர இடம் அளிப்பது அவற்றினும் முதன்மையானது.

மேசை ஒழுங்கின் உண்மைப் பயன் இங்கேயே விளங்குகிறது. கறிகள் யாவற்றையும் கரண்டியோடு நடுவில் வைத்து, தண்ணீர்ச் செம்பையும் அருகே வைத்துவிட்டால், எவரும் எழுந்தோடிப் பரிமாற வேண்டியதில்லை. கோப்பைகளை அடுக்குவது மூத்த மகனின் பணியாகலாம். பூவைப் பறித்து வருவது சின்னவளின் பணியாகலாம். உண்ட மேசையைத் துடைப்பது தந்தைக்கும் இழுக்கன்று. பள்ளிப் புள்ளிகளைப் பற்றிய விசாரணை இன்னொரு வேளைக்கு ஆகட்டும். கைத்தொலைபேசிகள் அடுத்த அறையில் இருக்கட்டும். வீட்டில் நான்கு பேராயின், நான்கு கோப்பைகளும் முதலிலேயே வைக்கப்படல் வேண்டும். நான்காவது கோப்பைக்கு உரியவள் அமர்ந்த பின்னரே, ஏனையோர் சோற்றிற் கைவைத்தல் முறை.