மண்ணெண்ணெய்க்கு ஒரு வஞ்சப்புகழ்ச்சி

நேயர்களே, மோட்டார் சைக்கிளைப் பேண ஒரு வழி: பெற்றோலுக்குப் பதில் மண்ணெண்ணெய் ஊற்றுங்கள். சிலிண்டரில் படிந்த ஒயிலை அது சுத்தமாகக் கழுவிவிடும். எஞ்சின் விரைவில் ஓய்வுபெறும். உங்களுக்கும் நடைப்பயிற்சி கிடைக்கும். வஞ்சப்புகழ்ச்சிக்கு வேறு உதாரணம் வேண்டாம்.

ஆனால் 1990களில், பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் இது பகிடியல்ல. சில சொட்டுப் பெற்றோலில் எஞ்சினை உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். புகை கக்கிய அந்த வண்டிகளில்தான் ஆசிரியர் பள்ளிக்கூடத்துக்கும் நோயாளி ஆஸ்பத்திரிக்கும் போனார்கள்.

எங்கள் திருகோணமலையின் பகிடி வேறு. சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிய பிரமாண்டமான எண்ணெய்க் குதங்கள் 99 நிற்கின்றன. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்ததோ வாரம் 4 லீற்றர். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் சொன்னார்: "சேர், அந்தக் குதத்துக்கே இரண்டு சில்லைப் பூட்டி ஓடுங்கோ!"