பக்கத்து வீட்டு அடுப்பு எரிகிறதா?



இன்றைக்கு ஊசி, மாத்திரை பற்றி நான் பேசப் போவதில்லை. பசியைப் பற்றிப் பேசப் போகிறேன்.

"நம்ம ஊர்ல ஏதுங்க பசி? ரேஷன்ல அரிசி சும்மா கெடைக்குது, பள்ளிக்கூடத்துல சோறு போடறாங்க" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். காமராஜர் காலத்தில் 1956-இல் பள்ளிகளில் மதிய உணவு வந்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் தந்தார். 2011 முதல் அரிசி அட்டைக்கு விலையில்லா அரிசி கிடைக்கிறது. 2022-இல் அரசு தொடக்கப் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டியும் தொடங்கியது. இவ்வளவும் இருந்தும், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு என்ன சொல்கிறது? தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒன்றுக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை.

ஏன் இப்படி? வயிறு நிறைவது வேறு, உடம்புக்குச் சத்து சேர்வது வேறு. மாதக் கடைசியில் அரிசி இருக்கும். பருப்பு இருக்காது, எண்ணெய் இருக்காது. வெறும் சோறும் ஊறுகாயுமாய்ப் பொழுது போகும். இன்னும் சில வீடுகளில் அந்த அரிசியும் இருக்காது. யார் அவர்கள்? தனியாக இருக்கும் வயதானவர்கள். சாரத்திலிருந்து விழுந்து படுத்துவிட்ட கொத்தனாரின் குடும்பம். அட்டை ஓர் ஊரில், பிழைப்பு வேறோர் ஊரில் என்று இருப்பவர்கள். காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வேலைக்குப் போக முடியாதவர்கள். எல்லா வீட்டிலும் இருக்கிற இன்னொருத்தியையும் மறந்துவிடாதீர்கள்: எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் பானையைச் சுரண்டிச் சாப்பிடும் தாய்!

இவர்கள் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். மானம் தடுக்கும். "சாப்பிட்டாச்சா?" என்றால், "ஆச்சுங்க" என்றுதான் பதில் வரும். ஆகையால் தெருதான் தெருவைக் கவனிக்க வேண்டும்.

அதற்கு நம்மிடமே பழைய வழி ஒன்று உண்டு. அதுதான் பிடி அரிசி. உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடும் வழக்கம். கோயிலுக்கு, மாதா கோயிலுக்கு, மதரசாவுக்கு என்று எல்லா மதத்தாரும் செய்ததுதான். வடலூரில் வள்ளலார் 1867-இல் தொடங்கிய தருமசாலை அடுப்பு இன்றும் எரிகிறதே, அதுவும் ஊரார் கொடுக்கும் அரிசி, பருப்பால்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பிடி 50 கிராம் என்று வையுங்கள். 40 வீடு சேர்ந்தால் ஒரு நாளைக்கு 2 கிலோ, மாதம் 60 கிலோ. வாரம் ஒரு நாள் இரண்டு பிடி பருப்பும் போட்டால் மாதம் 16 கிலோ பருப்பு. கொடுக்கும் வீட்டுக்கு ஒன்றும் குறையாது. பெறும் வீட்டுக்கோ அடுப்பு எரியும்.

இதை வைக்கப் பெரிய கட்டிடம் வேண்டாம். மகளிர் குழு கூடும் அறையில் ஒரு மூலை போதும். சம்பளத்துக்கு ஆள் வேண்டாம். முறை வைத்துப் பார்க்க நான்கு பெண்கள், தூக்கி இறக்க இரண்டு இளைஞர்கள் இருந்தால் போதும். ஆனால் சில விதிகளைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும்.

1. பருப்புக்கு முதல் இடம் கொடுங்கள். அரிசி ரேஷனிலும் கிடைக்கும். 100 கிராம் அரிசியில் புரதம் சுமார் 7 கிராம்தான். பருப்பு, பயறு வகைகளில் 20 கிராமுக்கு மேல். பாசிப்பயறு, கொண்டைக்கடலை, நிலக்கடலை, கேழ்வரகு, எண்ணெய், அயோடின் உப்பு எல்லாம் சேருங்கள். வீட்டு முருங்கையில் கீரை இருந்தால் அதையும் கொடுங்கள்.

2. நம் வீட்டில் சாப்பிடாததைப் பிறருக்குக் கொடுக்கக்கூடாது. பூசணம் பிடித்த நிலக்கடலையை வறுத்தாலும் அதன் விஷம் போகாது, கல்லீரலைக் கெடுக்கும். தூக்கி எறியுங்கள். சமைத்த உணவு வாங்கி வைக்க வேண்டாம்; உலர்ந்த பொருள் மட்டும் போதும்.

3. மூட்டையைத் தரையில் போடாதீர்கள். பலகைமேல், சுவரை ஒட்டாமல் வையுங்கள். டின்னுக்கு இறுக்கமான மூடி வேண்டும், எலி வராது. முதலில் வந்த பொருள் முதலில் வெளியே போக வேண்டும்.

4. பால்பவுடர் டப்பா, பால் புட்டி யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். குழந்தைப் பாலுக்கு மாற்றான பொருள்களைத் தானமாகக் கொடுப்பதை 1992-ஆம் வருஷச் சட்டம் தடுக்கிறது. காரணம் உண்டு. டப்பா தீர்ந்ததும் வாங்கக் காசிருக்காது; அதற்குள் தாய்க்குப் பால் வற்றியிருக்கும். புட்டியால் வயிற்றுப்போக்கும் வரும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். எனவே தாயின் தட்டை நிரப்புங்கள், குழந்தை நிறையும்.

5. மானத்தைக் காப்பாற்றுங்கள். வரிசையில் நிறுத்தக்கூடாது. போட்டோ எடுக்கக்கூடாது. சாதி, மதம் கேட்கக்கூடாது. நோட்டில் பெயருக்குப் பதில் எண் போடுங்கள். விளக்கு வைத்த பிறகு, பக்கத்து வீட்டுக்குக் குழம்பு கொண்டுபோகிற மாதிரி, பையை வீட்டிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள். மாதம் ஒருமுறை வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று எல்லோர் முன்னும் படியுங்கள். வாங்கினவர் யார் என்று மட்டும் படிக்க வேண்டாம்.

"இதெல்லாம் சர்க்கார் செய்யவேண்டிய வேலை இல்லீங்களா?" என்று ஒருவர் கேட்பார். வாஸ்தவம்தான். நம் பானை சர்க்காருக்குப் பதிலாக வந்ததல்ல. சர்க்கார் தருவது அந்த வீட்டுக்கு வந்து சேராத நாள்களுக்குத்தான் இந்தப் பானை. ஆகவே பையைக் கொடுக்கும்போதே நான்கு கேள்வி கேளுங்கள்.

ரேஷன் அட்டை இருக்கிறதா? அட்டை வேறு ஊரில் என்றால், தகுதியுள்ள அட்டைக்கு இங்கேயே வாங்க வழி உண்டு, கடையில் விசாரியுங்கள்.

முதியோர் உதவித்தொகைக்கு மனுக் கொடுத்தாயிற்றா?

கர்ப்பிணியோ பாலூட்டும் தாயோ இருக்கிறாரா? கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்து, அங்கன்வாடியில் சத்துமாவு வாங்கச் சொல்லுங்கள்.

காசநோய்ச் சிகிச்சையில் யாராவது உண்டா? சத்துணவுக்காக 2018 முதல் மாதம் 500 ரூபாய், 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய் என்று வங்கிக் கணக்கில் வரும் உதவி உண்டு. வராவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

அப்படியே அந்த வீட்டுக் குழந்தையையும் ஒரு பார்வை பாருங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்கு மேல்கையின் நடுச்சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால், அது கடுமையான ஊட்டக்குறைவு. அதற்கு நம் பை போதாது. அங்கன்வாடியில் அளவு நாடா இருக்கும். தாமதிக்காமல் அங்கே கூட்டிப்போய், டாக்டரிடமும் காட்டுங்கள். இப்படி ஒரு குழந்தையைக் கண்டுபிடித்தால் போதும், உங்கள் பானை ஓர் உயிரைக் காப்பாற்றியது என்று அர்த்தம்.

கடைசியாக ஆண்களுக்கு ஒரு வார்த்தை. தெருவுக்குப் பானை வைத்துவிட்டு வீட்டுப் பானையை மறந்துவிடாதீர்கள். இன்று ராத்திரி வீட்டுப் பெண்களையும் உங்களோடு உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்லுங்கள். குழம்பில் கிடக்கும் பருப்பு அவர்கள் தட்டுக்கும் வரட்டும்.

தாய்மார்களே, நாளைக் காலை உலை வைக்கும்போது ஒரு பிடியைத் தனியே எடுத்து வையுங்கள். பக்கத்து வீட்டிலும் சொல்லுங்கள். நாற்பது வீடு சேரும்வரை காத்திருக்க வேண்டாம், பத்து வீடு சேர்ந்தாலே தொடங்கிவிடலாம்.