கேவன் மக்களின் வழக்கு



1607ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், அயர்லாந்தின் வடகோடியிலுள்ள ராத்முல்லன் துறையிலிருந்து, டிரோன் பிரபுவாகிய ஹ்யூ ஓ நீலும் டிர்கானல் பிரபுவாகிய ரோரி ஓ டானலும் பந்துக்களோடு கப்பலேறி அந்நிய நாடு சென்றதையே புராதன ஐரிஷ் ஆதிக்கத்தின் அஸ்தமனமாகச் சரித்திராசிரியர்கள் குறிப்பது வழக்கம். 1601இல் கின்சேலில் ஆங்கிலேயரிடம் அவர்கள் கண்ட படுதோல்வியும் அதற்கு ஒரு காரணமே. ஆயினும், அந்த ஜனங்களை நிரந்தரமாக நிலைகுலையச் செய்ததில் பீரங்கியைவிடப் பத்திரத்துக்கே பெரும் பங்கு உண்டென்பது என் அபிப்பிராயம்.

ஐரிஷ் வழக்கப்படி, நிலம் குலத்தார் அனைவருக்கும் உரியது. தலைவனோ பரம்பரைச் சொத்தாக அன்றி, குலத்தாரால் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஆயுள் உள்ளவரை அதைப் பரிபாலித்து வந்தவன். ஓ நீல் குலத்தலைவர்கள் பட்டமேற்கும் கல்லாசனம் ஒன்று டல்லிஹோக் குன்றில் இருந்தது. 1602இல் ஆங்கிலச் சேனாதிபதி மவுண்ட்ஜாய் அதை உடைத்தெறிந்தார். ஆனால் அந்த ஆசனத்தின் அதிகாரம் அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஆட்டங்கண்டுவிட்டது. 1541இல் அயர்லாந்தின் அரசனாகப் பிரகடனம் செய்யப்பட்ட எட்டாம் ஹென்ரி, குலத்தலைவர்கள் தம் நிலத்தை அரசனிடம் ஒப்புவித்து, அவனளித்த மானியமாக அதைத் திரும்பப் பெறவேண்டுமென்று ஏற்பாடு செய்தான்; மறு ஆண்டே கான் ஓ நீல் இவ்விதம் டிரோன் பிரபுவானார். குலத்தின் பொதுச்சொத்து தலைவனொருவனின் சொத்தாயிற்று. அரசன் கொடுத்ததை அரசனே பறிக்கவும் கூடுமென்ற நிலையும் ஏற்பட்டது.

பிரபுக்கள் வெளியேறிய பின்னர், வடக்கிலுள்ள அல்ஸ்டர் மாகாணத்தின் ஆறு மாவட்டங்களைப் பறிமுதல் செய்து இங்கிலாந்து, ஸ்காட்லாந்து குடியேறிகளுக்குப் பங்கிட அரசாங்கம் முனைந்தது. 1610இல் அதிகாரிகள் அம்மாவட்டங்களில் ஒன்றான கேவனுக்கு வந்தபோது, அவ்வூரார் ஆயுதமெடுக்கவில்லை. வக்கீல் வைத்து வாதாடினார்கள். தலைவன் குற்றம் செய்திருந்தால் அவனுரிமை போகட்டும், தலைமுறை தலைமுறையாக நாங்கள் அனுபவித்துவரும் நிலத்துக்கு என்ன குற்றம் என்பதே அவர்கள் வாதத்தின் சாரம். எவ்வளவு நியாயமான கேள்வி! அட்டர்னி ஜெனரல் ஜான் டேவிஸ், ஆங்கில இலக்கியத்தில் கவியென்றும் பெயர் பெற்றவர், எழுந்து பதில் சொன்னார்: புதல்வர்களும் பங்காளிகளும் நிலத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஐரிஷ் வழக்கம் செல்லாதென்று 1606இலேயே நீதிபதிகள் தீர்ப்பளித்துவிட்டனர், ஆதலால் சட்டத்தின் கண்ணில் உங்களுக்கு நிலமே இல்லை என்று. நிலத்தை உழுது, அங்கேயே பிறந்து இறந்த ஒரு ஜனசமூகத்தை, இருந்த இடத்திலேயே உரிமையற்றவர்களாக்க அந்த ஒரு தர்க்கம் போதுமாயிருந்தது.

1641இல் ஐரிஷ் கத்தோலிக்கர் செய்த கிளர்ச்சியும், 1649இல் வந்த ஆங்கிலத் தளபதி கிராம்வெல்லின் படையெடுப்பும், அதையடுத்த பறிமுதல்களும் எஞ்சியவற்றையும் வாரிக்கொண்டன. 1641இல் அயர்லாந்து நிலத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு அறுபது பங்கு கத்தோலிக்கர் வசமிருந்தது. 1703இல் பதினான்கு பங்கே மிஞ்சிற்று. மிஞ்சியவர்களுக்காக 1704இல் இன்னொரு சட்டம் வந்தது. ஒரு நூற்றாண்டுக்கு முன் செல்லாதென்று தள்ளிய பாகப்பிரிவினையையே கத்தோலிக்கர்மீது அது கட்டாயமாகச் சுமத்தியது: தகப்பன் இறந்தால் நிலம் எல்லாப் புதல்வர்களுக்கும் துண்டாடப்பட வேண்டும், மூத்தவன் அரசாங்கத்தின் புராட்டஸ்டண்ட் திருச்சபையைத் தழுவினாலோ, முழுவதும் அவனுக்கே.